தானாகச் சுற்றும் மோட்டாருக்குக் காயில் கட்டியவள்

காயில் கட்டும் தொழிலில் எரிந்துபோன மோட்டாரோடு வருகிறவரை எப்படியும் சமாளித்துவிடலாம். இன்னும் பிறக்காத மோட்டாரோடு வருகிறவரிடம்தான் மாட்டிக்கொள்வோம்.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் திண்டிவனத்தில் ஒரு பம்புசெட் கடையில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு விழுப்புரத்தில் சொந்தக் கடை. மிக்ஸி, ஃபேன், தண்ணி மோட்டார், எது எரிந்து வந்தாலும் உள்ளே இருக்கிற கருகின கம்பியை உருவிப்போட்டுவிட்டுப் புதுச் செப்புக் கம்பியைச் சுற்றிக் கொடுப்பேன். இந்த நாலைந்து வருஷமாக வேறொரு கூட்டமும் வருகிறது. செல்போனில் ஒரு வீடியோ, பையில் நாலு காந்தம், முகத்தில் ஒரு தீர்மானம். கரண்டே இல்லாமல் தானாகச் சுற்றி, நமக்கும் கரண்டு கொடுக்கிற மெஷினை வீட்டிலேயே செய்யப்போகிறார்கள். காயில் மட்டும் நான் கட்டித்தர வேண்டும்.

நீங்கள் தையல்கடை வைத்திருக்கலாம், மருந்துக்கடை வைத்திருக்கலாம், பல் டாக்டராகக்கூட இருக்கலாம். வீடியோ பார்த்துவிட்டு வந்து உங்கள் தொழிலை உங்களுக்கே சொல்லித்தருகிறவர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். நாம் எல்லோரும் ஒரே வண்டியில் போகிறவர்கள் என்பதால்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

மேஜைத் துணி

முதலில் வந்தவர் ரிட்டயரான கணக்கு வாத்தியார். நோட்டுப் புத்தகத்தில் ஸ்கேல் வைத்துப் படம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மோட்டார் டைனமோவைச் சுற்றும், டைனமோ கொடுக்கிற கரண்டில் மோட்டார் ஓடும், மிச்சத்தில் வீட்டுக்கு ரெண்டு டியூப்லைட் எரியும். மோட்டார் சூடாகிறதிலேயே கொஞ்சம் போய்விடும், டைனமோவில் இன்னும் கொஞ்சம் போய்விடும், மிச்சம் என்று ஒன்று வரவே வராது என்று சொன்னேன். கடைசி பெஞ்சுப் பையன் தப்பான விடை சொல்லும்போது பொறுமையாகக் கேட்பாரே, அப்படிக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு வீடியோவைப் போட்டார்.

யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர். மேஜைமேல் சக்கரம், சக்கரத்தைச் சுற்றிக் காந்தம், பக்கத்தில் காயில். விரலால் ஒரு தட்டு தட்டினார், பல்பு எரிந்தது. மூன்று தடவை பார்த்தேன். மேஜையில் விரித்திருந்த துணி தரைவரைக்கும் தொங்கியது. பத்து நிமிஷ வீடியோவில் அந்தத் துணியை ஒரு தடவைகூடத் தூக்கிக் காட்டவில்லையே சார், ஏன் என்று கேட்டேன். வாத்தியார் நோட்டை மூடினார். என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"அது அவரோட கண்டுபிடிப்பும்மா. துணியத் தூக்கிக் காமிச்சா நம்மள மாதிரி ஆளுங்க காப்பி அடிச்சிடுவாங்கன்னு ஒரு பயம் இருக்காதா."

இறங்காத மூட்டை

மேல்சித்தாமூர்ப் பக்கம் மைக்செட் வைத்திருக்கிற ஆறுமுகம், கிழிந்துபோன ஸ்பீக்கர்களின் காந்தங்களைத் தூக்கிப்போடாமல் சேர்த்துவைத்திருந்தார். வளையம் வளையமாக முப்பதுக்கும் மேலே. எல்லாவற்றையும் ஒரு அரிசிச் சாக்கில் போட்டுக்கொண்டு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்திருக்கிறார். சாக்கைக் காலடியில் வைத்தார். ஷேர் ஆட்டோவின் தரை இரும்பு என்பது அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை.

என் கடை வாசலில் ஆட்டோ நின்றது, ஆறுமுகம் இறங்கினார், சாக்கு இறங்கவில்லை. இழுத்தால் சாக்குதான் கிழிந்தது. இதற்கு நடுவில் மார்க்கெட்டில் புதுத் தோசைக்கல் வாங்கிக்கொண்டு ஏறியிருந்த ஒரு அம்மா, அதையும் அந்தச் சாக்கை ஒட்டியே வைத்திருந்தார். அதுவும் போய் ஒட்டிக்கொண்டது. நானும் பக்கத்து லேத்துப் பட்டறை மாணிக்கம் அண்ணனும் மரக்கட்டையைக் கொடுத்து ஒவ்வொரு காந்தமாக நெம்பி எடுத்தோம். எடுத்ததைக் கீழே வைப்பதற்குள் அது இன்னொன்றோடு போய்ச் சேர்ந்துகொண்டது. ஆட்டோவில் இருந்த மற்ற ஐந்து பேரும் இறங்கி நின்று ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். தோசைக்கல் அம்மா மட்டும் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டில் மாவு பொங்கி வழிந்துகொண்டிருக்கும் என்ற கவலை முகத்திலேயே தெரிந்தது.

டிரைவர் கோபப்படுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு நிதானமாக ஆறுமுகத்தைக் கேட்டார்: "அண்ணே, நீங்க எறங்கிட்டீங்க சரி. உங்க மூட்டைக்கு எந்த ஸ்டாப்புன்னு கேட்டுச் சொல்லிடுங்க, அங்கியே வுட்டுட்டு வர்றேன்."

நான் தள்ளிப் பார்த்தது

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டால் அது நியாயமில்லை. ஒரு புயல் மழைக்குப் பிறகு எங்கள் தெருவில் நாலு நாள் கரண்டு இல்லை. கடையில் வேலை ஓடவில்லை. ஆறுமுகம் விட்டுவிட்டுப் போன காந்தத்தில் எட்டு மிச்சம் கிடந்தது. நல்ல பேரிங் ஒன்றும் கிடந்தது. சும்மா பார்க்கலாமே என்று ஒரு ஃபேன் தட்டில் காந்தத்தை ஒட்டி, பேரிங்கில் மாட்டி, விரலால் தள்ளினேன். சுற்றியது. ஒரு நிமிஷம் ஆச்சு, ரெண்டு நிமிஷம் ஆச்சு, சுற்றிக்கொண்டே இருந்தது. அது பேரிங்கின் புண்ணியம் என்று எனக்குத் தெரியும். நாலைந்து வருஷமாக இதைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் மூன்றாவது நிமிஷத்தில் ஒருவேளை, ஒருவேளை என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. நாலாவது நிமிஷத்தில் நின்றது.

நிமிர்ந்தால் வாசலில் மாணிக்கம் அண்ணன். இந்தக் காந்தக் கூட்டத்தைப் பார்த்தாலே விழுந்து விழுந்து சிரிக்கிற ஆள். இன்றைக்குத் தொலைந்தோம், தெரு முழுக்கச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. பின்னால் திரும்பி யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு கிட்டே வந்து குனிந்து தட்டைப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "என்னுது அஞ்சு நிமிஷம் சுத்துச்சும்மா. வெளிய சொல்லிடாத."

எரிந்த பல்பும் மங்கின பல்பும்

பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படிக்கிற மூன்று பெண்கள் வந்தார்கள். பிராஜெக்டுக்குக் காந்த ஜெனரேட்டர் வேண்டும், ரெடிமேடாகக் கிடைக்குமா என்று கேட்டார்கள். தானாகச் சுற்றுவது கிடைக்காது, கையால் சுற்றினால் எரிகிறது வேண்டுமானால் நீங்களே கட்டுங்கள், நான் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன் என்றேன். வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். நாலு சனிக்கிழமை வந்து தரையில் உட்கார்ந்து கட்டினார்கள். கம்பி இழுத்து இழுத்து விரலெல்லாம் சிவந்துபோனது. எண்ணிக்கை தப்பி இரண்டு தடவை அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினார்கள். ரேவதி என்கிற பெண் மட்டும் எல்லாவற்றுக்கும் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். காயிலில் பல்பை மாட்டினதும் கைப்பிடி ஏன் கனக்கிறது என்று அவள் கேட்ட அன்றைக்கு, இந்தப் பெண் தேறிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிராஜெக்ட் நாள் சாயங்காலம் மூன்று பேரும் லட்டு டப்பாவோடு வந்தார்கள். பரிசா என்று கேட்டேன். இல்லையாம். பக்கத்து மேஜைப் பையன்களின் மெஷின் தொட்ட உடனே ஒரு வரிசை பல்பை எரித்திருக்கிறது. இவர்களுடையது கையால் சுற்றச் சுற்ற ஒரே ஒரு பல்பு, அதுவும் மங்கலாக. பரிசு கொடுக்க வந்த விருந்தாளிக்கு வெளிச்சம் பிடித்துவிட்டது. எனக்குக் கஷ்டமாகிவிட்டது. நான்தானே இவர்களை நேர்வழியில் இழுத்துவிட்டேன். அப்புறம் எதற்கு லட்டு என்றேன். ரேவதிதான் பதில் சொன்னாள்.

"எங்களுது ஏன் மங்கலா எரியுதுன்னு கேட்டாங்க, சொல்லிட்டோம்கா. அவங்களுது ஏன் அவ்ளோ நல்லா எரியுதுன்னு கேட்டாங்க, அவங்களால சொல்ல முடியல."

அண்ணன் கிணறு

கோவிந்தன் அண்ணனைத் திண்டிவனத்துக் கடையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே தெரியும். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர், மானாவாரி மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர். கிணறு இருக்கிறது, கரண்டு கனெக்‌ஷன் இல்லை. எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். டீசல் இன்ஜின் ஒன்று இருந்தது, அதுவும் படுத்துவிட்டது. இந்த நிலைமையில் அவர் கைக்கும் அந்த வீடியோ வந்து சேர்ந்தது.

அவர் மற்றவர்கள் மாதிரி இல்லை. வாய் பேசமாட்டார், வேலை சுத்தம். சைக்கிள் ரிம்மில் காந்தத்தைப் பதித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் தீக்குச்சி வைத்து இடைவெளி அளந்திருந்தார். சும்மா சுற்றும் அண்ணே, லோடு போட்டால் நின்றுவிடும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். இன்னும் ரெண்டு காயில் சேர்த்துப் பார்க்கலாமே என்பார். நாலு மாசத்தில் எட்டு தடவை வந்தார். எட்டு தடவையும் கட்டிக்கொடுத்தேன். ஒரு நாள் போன் பண்ணினார். மெஷின் ரெடி, நீயே வந்து மீட்டர் வைத்துப் பார்த்துவிடு, அப்போதுதான் எனக்கு நம்பிக்கை என்றார். மழை ஏமாற்றின வருஷம் அது. மறுக்க மனசு வரவில்லை.

போய்ப் பார்த்தால் செடிக்கு விழுது இறங்குகிற சமயம். அப்போது தண்ணி காட்டாவிட்டால் காய் பிடிக்காது. பதினோரு மணி வெயிலுக்கே இலையெல்லாம் மூடிக்கொண்டு கிடந்தது. கிணற்று மேட்டில் சக்கரம். அவர் ஒரு சுற்று சுற்றிவிட்டார், சத்தமே இல்லாமல் அழகாக ஓடியது. மீட்டரில் முள் ஏறியது. அவர் மனைவி கலா அக்கா கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோவிந்தன் அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிறகு தண்ணி இறைக்க வாங்கி வைத்திருந்த மோட்டாரின் ஒயரை எடுத்து அவரே மாட்டினார். யாரோ கையால் பிடித்து நிறுத்தின மாதிரி சக்கரம் நின்றது. மறுபடி சுற்றினார், மறுபடி நின்றது. மூன்றாவது தடவை அவர் சுற்றும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பின பக்கம், வரப்புக்கு அந்தாண்டை, ஒரு மோட்டார் கொட்டகை. தொட்டியில் தண்ணி கொட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் ஒருத்தர் மடை திருப்பிக்கொண்டிருந்தார். யார் நிலம் என்று கேட்டேன். கலா அக்காதான் சொன்னார், இவருடைய கூடப்பிறந்த அண்ணன், பாகம் பிரித்தபோது ஒரு முழ வரப்புக்காகச் சண்டை, ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை என்று. கேட்டால் தண்ணி விடுவார், இவர் கேட்கணுமே என்றும் சொன்னார்.

நான் காயில் கட்டுகிறவள், பஞ்சாயத்துப் பண்ணுகிறவள் இல்லை. ஆனால் அந்தக் கொட்டகை மோட்டாரை எனக்கு அடையாளம் தெரிந்தது. போன வருஷம் ஒரு பையன் கடைக்குக் கொண்டுவந்தபோது அதற்குக் காயில் மாற்றினது நான்தான். அதை மட்டும் சொன்னேன்: "அண்ணே, அந்த மோட்டாருக்கு நாந்தான் காயில் கட்டினேன். ரெண்டு நிலத்துக்குச் சேத்து ஓட்டினாலும் தாங்கும்."

கோவிந்தன் அண்ணன் ஒயரைக் கழற்றி, சுருட்டி, பெட்டியில் வைத்தார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அண்ணன்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். கலா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அண்ணன்காரர் குனிந்து மண்வெட்டியை எடுத்து, இந்தப் பக்கம் பார்த்த வரப்பை ஒரு இடத்தில் வெட்டிவிட்டார். தண்ணி இந்த நிலத்துக்குள் புரண்டு வந்தது. அதன் பின்னாலேயே அண்ணன்காரரும் வந்தார். மடையைப் பார்க்க வரவில்லை. நேரே கிணற்று மேட்டுக்கு ஏறி, சக்கரத்தைத் தொட்டு ஒரு சுற்று சுற்றிவிட்டு, இது என்னடா, நாலு மாசமாக அங்கிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கேட்கவும் முடியாமல் மண்டை வெடிக்கிறது என்றார்.

அந்த வருஷம் காய் பிடித்தது. ஒரு பை பச்சை மல்லாட்டையோடு கோவிந்தன் அண்ணன் கடைக்கு வந்தார். அந்தச் சக்கரத்தை என்ன பண்ணினீர்கள் என்று கேட்டேன். கொட்டகையில் இருக்கிறது, சாயங்காலம் ஆனால் அண்ணன் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார் என்றார். பையின் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார்: "அது தண்ணி எறைக்காதுன்னு எனக்கும் ரெண்டாவது மாசமே தெரிஞ்சிடுச்சும்மா. அண்ணன் எதிர்ல போயி நிக்கறத விட, இது ஈசியா இருக்குதேன்னு பண்ணிக்கினு இருந்தேன்."

இத்தனை வருஷத்தில் நான் கண்ணால் பார்த்த, தானாகவே சுற்றுகிற ஒரே மெஷின் என் கடையையே சுற்றிச் சுற்றி வருகிற இந்த மனுஷர்கள்தான், அவர்களுக்கும் நடுநடுவே ஒரு டீ ஊற்ற வேண்டியிருக்கிறது.