வலப்பக்க இருக்கை

இன்று காலை வாசலில், ரப்பர்க் குமிழை அமுக்கி எழுப்பும் அந்தப் பழைய ஊதலொலி கேட்டது. நண்பன் அந்துவான் மறைந்தபின் அவனுடைய கறுப்பு மகிழுந்து எங்கள் தெருவுக்கு வருவது இதுவே முதன்முறை.

அவ்வொலி என்னைப் பள்ளிப் பருவத்துக்கு இட்டுச் சென்றது. வண்டி அவன் தந்தையார் பிரான்சிலிருந்து தருவித்தது; ஓட்டுநர் இருக்கை இடப்புறம். ஆதலால் முன்செல்லும் வண்டியைக் கடக்கையில், எதிரே வருவதை வலப்பக்கம் அமர்ந்தவரே பார்த்துச் சொல்ல வேண்டும். அந்துவான் அவ்விடத்தை எனக்கு விட்டுக்கொடுத்து நடுவில் அமர்வான். எனக்கோ திக்குவாய். வெயிலில் காய்ந்த தோலிருக்கையின் மணத்தினூடே, வைக்கோல் வண்டியின் பின்னால் ஊர்ந்தபடி, "போ... போ..." என்று தடுமாறுவேன்.

"போவலாங்கிறானா, போவாதங்கிறானா? சொல்லி முடிக்கறதுக்குள்ள கடலூரே வந்துடும்" என்று சிரிப்பார் தந்தையார்.

"இருப்பா, அவனே சொல்லட்டும்" என்பான் அந்துவான்.

ஒருமுறையேனும் என் சொல்லை அவன் முடித்துவைத்ததில்லை. அந்தக் காத்திருப்பில்தான் என் நா பழகிற்று. பின்னாளில் பழைய ஊர்திகளின் அணிவகுப்புகளுக்கு அவனே வண்டியோட்டிச் சென்றபோதும் அவ்விருக்கை எனக்கே உரியதாயிருந்தது.

"அணிவகுப்புக்குப் போறேன் மாமா. வலப்பக்கம் பாத்துச் சொல்ல ஆளு இல்ல, வரீங்களா?" என்றாள் இன்று வண்டியை ஓட்டிவந்திருந்த அவன் மகள்.

ஏறிக்கொண்டேன். கடற்கரைக்குத் திரும்புமுன், முன்னால் ஊர்ந்த ஒரு பேருந்து எங்களை மறித்தது. எதிரே சாலை வெறிச்சோடியிருந்தது.

"போ..." என்றேன். மேலே வரவில்லை.

அவள் வண்டியை விரட்டவில்லை. என் பக்கம் திரும்பவுமில்லை.

"சொல்லுங்க மாமா, இருக்கேன்."

"போகலாம் அம்மா" என்றேன்.