விசில் அடித்தால் வெந்நீர்

ஸ்டாஃப் ரூமில் கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்கும் எனக்கும் எதிரெதிர் நாற்காலி. அவர் பெரிய நீச்சல் கிளப் ஒன்றில் மெம்பர். அதை அவர் நினைவுபடுத்தாத நாளில்லை. கிளப் கோச், கிளப் தொப்பி, கிளப் டீ ஷர்ட் என்று பேச்சு போகும். நானோ பெங்களூர் ஜீவனஹள்ளி வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய கார்ப்பரேஷன் குளத்தில் காலை லேடீஸ் பேட்ச்.

பெரியவர்களுக்கான மாநிலப் போட்டியில் கிளப் இல்லாமல் தனியாகவும் நீந்தலாம் என்று தெரிந்ததும், ஐம்பது மீட்டர் பேக் ஸ்ட்ரோக்குக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கெமிஸ்ட்ரி மிஸ்ஸும் அதே வயதுப் பிரிவு, அதே பந்தயம்.

"கிளப் இல்லாமயா போறீங்க மிஸ்? பாவம், கைதட்டக்கூட ஆள் இருக்காதே" என்றார்.

அந்தப் 'பாவம்'தான் எனக்கு எரிந்தது. மெடல் கிடக்கட்டும், இந்த அம்மாவுக்கு முன்னால் சுவரைத் தொட்டால் போதும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எங்கள் பேட்ச் வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எங்களுக்குக் கோச் கிடையாது, காவலுக்கு ஒரு அம்மா உண்டு. நேரம் முடிந்ததும் விசில் ஊதி, "ஆய்த்து, ஆய்த்து!" (முடிஞ்சாச்சு) என்று கன்னடத்தில் விரட்டுவார். பாத்ரூம் இரண்டே இரண்டு, அதில் ஒன்றில்தான் வெந்நீர். எல்லோருக்கும் ஆபீஸ், கடை, பள்ளிக்கூடம். அதுவரை நடுக்குளத்தில் மிதந்தபடி மாமியார் கதை பேசிக்கொண்டிருந்தவர்கள், விசில் கேட்டதும் பேய் பிடித்த மாதிரி சுவரை நோக்கிப் பாய்வோம். வெந்நீர் பெரும்பாலும் எனக்குத்தான் கிடைக்கும்.

போட்டிக்கு என் பேட்ச் பெண்களும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்கள். தையல் கடை வைத்திருக்கும் அக்கா முன் வரிசையில் இடம் பிடித்திருந்தார்.

பேக் ஸ்ட்ரோக்கில் முதல் விசிலுக்குத் தண்ணீரில் இறங்க வேண்டும். இரண்டாவது விசிலுக்குச் சுவரைப் பிடித்துத் தயாராக வேண்டும். நன்றாக மனப்பாடம் செய்துகொண்டுதான் போயிருந்தேன். முதல் விசிலுக்கு இறங்கினேன். இரண்டாவது விசில் ஒலித்ததும் விறுவிறுவென்று மேலே ஏறி, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"எல்லிகம்மா?" என்று நடுவர் அலறினார். எங்கே போகிறேன் என்று எனக்கு மட்டும் தெரியுமா என்ன? நிமிர்ந்து பார்த்தால், கேலரியில் என் பேட்ச் மொத்தமும் கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கிறது.

பக்கத்து லேனில் கெமிஸ்ட்ரி மிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என் மானம் கப்பலேறிவிட்டது. நல்லவேளை, நடுவர் திட்டியதோடு விட்டு, மறுபடி இறங்கச் சொன்னார்.

பாதி தூரத்தில் கிளப் தொப்பி என்னைத் தாண்டிப் போவது ஓரக்கண்ணில் தெரிந்தது. என் கைகள் கனத்துப்போயின. அவ்வளவுதான், இனி ஸ்டாஃப் ரூமில் தலைகாட்ட முடியாது என்று அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் தையல் கடை அக்கா இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். தண்ணீருக்குள் இருந்த காதிலும் அது துளைத்துக்கொண்டு இறங்கியது. பின்னாலேயே மொத்தப் பேட்ச்சும், "ஆய்த்து, ஆய்த்து!"

அதற்கப்புறம் கெமிஸ்ட்ரி மிஸ் நினைவில் இல்லை, போட்டி நினைவில் இல்லை. வெந்நீர் மட்டும்தான். சுவரைத் தொட்டேன், ஏறினேன், அங்கே நின்றிருந்த பெண்ணிடம் பாத்ரூம் எந்தப் பக்கம் என்றும் கேட்டுவிட்டேன். அவள் முழித்த முழியில்தான் சுயநினைவு வந்தது. திரும்பிப் பார்த்தேன். கிளப் தொப்பி அப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

நான் நாலாவது, அவர் ஐந்தாவது. கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள் வெளியே போகும்வரை காத்திருந்துவிட்டு, கெமிஸ்ட்ரி மிஸ் மெதுவாகக் கேட்டார்: "உங்க பேட்ச்ல சேரணும்னா என்ன பண்ணணும் மிஸ்?"

"பாவம்" என்றேன். "எங்ககிட்ட பாத்ரூம் ரெண்டுதான் மிஸ்."