உட்காராத பிள்ளையும் நம்பாத பெரியவர்களும்

ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவது என் தொழில். கூட வரும் பெரியவர்களின் சந்தேகத்துக்குப் பதில் சொல்வது அதைவிடப் பெரிய தொழில். வீட்டில் அப்படியொரு பிள்ளை இருந்தால், உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மாத்திரை

செம்பட்டிப் பக்கம் மல்லிகை போடும் விவசாயி முருகேசன், எட்டு வயது மகள் யாழினியை நாகல் நகரில் இருக்கும் எங்கள் கிளினிக்குக் கூட்டி வந்தார். டாக்டர் நன்றாகப் பார்த்துவிட்டு ஏ.டி.எச்.டி. என்றார். "இது திமிரு இல்லண்ணே. கவனத்தைப் பிடிச்சு வைக்கிறதும் கை காலை அடக்குறதும் அவளுக்குக் கஷ்டம்" என்றேன். முதலில் பயிற்சி, மாத்திரை தேவையா என்பதை டாக்டர் பிறகு சொல்வார் என்றும் விளக்கினேன். முருகேசன் மேஜையை, அலமாரியை, என் கைப்பையைக்கூட ஒரு பார்வை பார்த்தார்.

"ஏம்மா, பிள்ளையத் தூங்க வச்சுட்டுக் குணமாயிருச்சுன்னு சொல்லிருவீங்களோ?"

சமத்து

அடுத்த வாரம் யாழினி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. மணி கோர்க்கச் சொன்னால், மணியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எம்புட்டு மாறிட்டா பாருங்க" என்று அவள் அம்மா செல்வி சிரித்தார்.

இந்த முறை சந்தேகம் எனக்கு. குனிந்தேன், பிள்ளையின் வாயில் இருமல் சிரப் வாடை. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தேன். பயப்பட ஒன்றுமில்லை, தெளியும்வரை இங்கேயே இருக்கட்டும் என்றார். மகள் மடியில் சரிந்ததும் செல்வி உடைந்துபோனார்.

"பஸ்ஸுல எல்லாரும் 'பிள்ள வளத்த லட்சணத்தப் பாரு'ங்கறாங்க. செத்த நேரம் சும்மா இருக்கட்டுமேன்னு குடுத்துட்டேன் மேடம்."

டி.சி.

பள்ளியில் டி.சி. கொடுத்துவிடுவோம் என்றார்கள். நானே போய் வகுப்பு டீச்சரைப் பார்த்தேன். முன் பெஞ்சில் உட்கார வையுங்கள், கணக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், நடுவில் போர்டு அழிக்க எழுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் என் அடையாள அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஆனாலும் செய்தார். மாதக் கடைசியில் அவரிடமிருந்து போன். எடுக்கவே பயமாக இருந்தது.

"முக்காவாசிக் கணக்கு போடுறா, டி.சி. வேண்டாம்னு ஹெச்.எம். கிட்டச் சொல்லிட்டேன். ஆனா இது உங்க பயிற்சியாலதான்னு நான் இன்னும் நம்பல மேடம்."

வம்சம்

குடும்பத்தில் வேறு யாராவது இப்படி இருந்தார்களா என்று கேட்பது எங்கள் வழக்கம், பரம்பரையாகவும் வருவதுண்டு. முருகேசனிடம் கேட்டதும், "எங்க வம்சத்தையே குத்தம் சொல்றீங்களா?" என்று எழுந்துவிட்டார். வாசல்வரை போனவர், செருப்பை மாட்டாமல் திரும்பி வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"என்னைய எங்கய்யா தென்னை மரத்துல கட்டிப்போட்டு அடிச்சாரு, அஞ்சாப்போட படிப்பு போச்சு. இவளுக்கு அது வரக்கூடாதுன்னுதான் மேடம், உங்க மேல நம்பிக்கை இல்லாமலே வாரேன்."

இத்தனை சந்தேகங்களுக்கு நடுவில், ஆடாமல் அசையாமல் ஓரிடத்தில் உட்காரப் பழகிக்கொண்டது என்னவோ நான்தான்.