சாயப்பட்டறையில் உறைந்துபோகும் பெட்டி

கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களே, பெட்டி ஓடும்வரை நம் பெயர் யாருக்கும் தெரியாது.

திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றில் என் பெட்டி இரண்டு மெஷின்களின் சூட்டை அளந்து பட்டறை ஆபீஸுக்கு அனுப்புகிறது. அளப்பது ஒரு த்ரெட், அதாவது மென்பொருளுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை; அனுப்புவது இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் தகவலைத் தொடாமலிருக்க மியூடெக்ஸ் என்ற பூட்டு உண்டு. ஒன்று பூட்டை எடுத்தால், அது விடும்வரை மற்றது காத்திருக்கும். விடாவிட்டால் பெட்டி உறைந்துவிடும். எங்கள் பெட்டி அடிக்கடி உறைந்தது.

உபசரிப்பு

உறைந்த நிலையில் பார்த்தால்தான் பூட்டு எந்த த்ரெட்டிடம் சிக்கியிருக்கிறது என்று தெரியும். போன் வந்ததும் கம்பெனி வேன்களுக்கு நடுவே வண்டியை ஓட்டிக்கொண்டு போவேன். போனால் பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஆபரேட்டர் சகாயம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், முகமெல்லாம் சிரிப்பு. "நீங்க வாறீயன்னு சொன்னாவ சார், அதான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணி வச்சிருக்கேன்."

கோகிலாவின் வைத்தியம்

என்னோடு வேலை செய்யும் கோகிலாவுக்குப் பொறுமை போய்விட்டது. "பூட்டு இருந்தாத்தானுங்கண்ணா மாட்டும்?" என்று பூட்டையே எடுத்துவிட்டாள். பெட்டி நிற்கவில்லை. ஆனால் கொதிக்கும் மெஷினின் சூடு ஆறிக் கிடக்கும் மெஷினின் பெயரில் ஆபீஸுக்குப் போனது. பூட்டைத் திரும்பப் போட்டோம். எங்கள் பெட்டியை வாங்கியிருப்பது இந்த ஒரு பட்டறைதான். பட்டறை முதலாளி குரலை உயர்த்தவே இல்லை. "பொய் சொல்றதுக்கு அது நின்னே போயிருக்கலாமுங்க தம்பி. இன்னொருக்கா நின்னாக் கழட்டீட்டுப் போயிருங்க."

தொடாத கை

அது மறுபடியும் நின்றபோது முதலாளி வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். நான் சொல்லிவைத்திருந்தபடி சகாயம் இந்த முறை சுவிட்சைத் தொடவில்லை. எனக்குப் போன் செய்துவிட்டு, பெட்டியின் திரைக்குப் பதிலாக மெஷினில் இருந்த மீட்டரைப் பார்த்து நீராவி வால்வைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். லேப்டாப்பை மாட்டினேன். ஆபீஸில் யாரோ செல்போன் சார்ஜ் போட ரௌட்டர் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள். அனுப்பும் த்ரெட் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வராத பதிலுக்காகக் காத்திருந்தது. தகவலை எடுத்ததும் பூட்டை விட்டுவிட்டு, அப்புறம் அனுப்பும்படி மாற்றினேன்.

முதலாளி வந்ததும் சகாயம் பெட்டி மறுபடி நின்றதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். நான் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிக் காட்டினேன். திரையில் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. முதலாளி குனிந்து பார்த்தார். "ஒயரைப் புடுங்குனாலும் ஓடுதுங்களே. கெடக்கட்டும் உடுங்க. ஏனுங்க தம்பி, அப்ப இத்தன நாளா என்னங்க பண்ணீட்டு இருந்தீங்க?"

பூட்டை விடும் ஒரு வரியை இரண்டு வரி மேலே நகர்த்தினேன், அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தால் பெட்டியோடு என்னையும் சேர்த்துக் கழற்றியிருப்பார்.