அது ஒப்பாரி இல்லை

ஊரில் யுத்தம் முடிந்த அந்த வைகாசியில் ரொறன்ரோத் தமிழ் வானொலிகள் சினிமாப் பாட்டை நிறுத்தின. சாவு வீட்டில் பாட்டுப் போடுவதில்லை, அது எங்கள் வழக்கம். அந்த மாதம் நகரமே சாவு வீடு. செய்தி, இறந்தவர்களின் பெயர்கள், தொலைபேசியில் அழும் நேயர்கள். இடையிடையே ஒரு வயலின், ஒரு புல்லாங்குழல். அவையும் தீர்ந்துபோக, யாரோ ஒருவன் அலுமாரியைக் கிண்டி என் அக்காவின் சீடியை எடுத்துவிட்டான்.

ஸ்ரௌவ்வில்லில் இருந்து வேலைக்குப் போகிற வழியில், காருக்குள் அவளுடைய குரல் வந்தது. விளக்குப் பச்சையாகியும் நான் நகரவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளன் தழுதழுத்தான். "பிள்ளையை இழந்த தாயொருத்தியின் ஒப்பாரி." அக்காவுக்குப் பிள்ளையே கிடையாது.

அக்கா ஜாஸ் பாடினாள். இதை எழுதும்போதே சிலருடைய சிரிப்பு எனக்குக் கேட்கிறது. சிரிக்கட்டும். அகதியாக வந்து கோப்பிக்கடையில் நின்றவள், அங்கே ஓடிக்கொண்டிருந்த வானொலியில் ஒரு கறுப்பினப் பெண்ணின் குரலைக் கேட்டாள். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. தொடக்கம் அவ்வளவுதான். பிறகு நிலத்தடி மதுச்சாலைகள், விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல்கள், தின்றுகொண்டிருப்பவர்களின் முதுகுகளைப் பார்த்துப் பாடிய மாலைகள். முதல் பதிவு ஒரு கசெற். அதில் அவளைவிடக் கரண்டிகளின் சத்தம் தெளிவு. இரண்டாவது இந்த சீடி. ஒஷாவாவில் ஒரு தேவாலய மண்டபத்தில், ஒரு கிழட்டு பாஸ் வாத்தியக்காரனோடு பதிந்தது. கடைசிப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. குரலும் பாஸும் ஒன்றையொன்று துரத்தும், மறிக்கும், காலை வாரும், விழுந்து எழும்பும். புருசனை விட்டு வெளியே வந்த கிழமையில் அக்கா அதைப் பாடினாள். அவள் துள்ளி நான் பார்த்தது அந்த ஏழு நாள்தான்.

வெக்ஸ்போர்ட்டில் அவள் குடியிருந்த கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கடை. முறுக்குப் பைகளுக்கு அருகே வைக்கச் சொல்லிச் சில சீடிகள் கொடுத்தோம். கடைக்கார அண்ணை கொஞ்ச நாளில் திருப்பித் தந்தார்.

"பிள்ளை, முழுக்கப் போட்டுக் கேட்டனான். இதில பாட்டு எப்ப தொடங்கும்?"

கல்யாண வீடுகளில் அவளைக் கண்டால் "பாரில பாடுறவ" என்று குரலைத் தாழ்த்தாமலே சொல்வார்கள். புருசனை விட்டவள் என்பதை மட்டும் தாழ்த்திச் சொல்வார்கள். அந்த மரியாதை எங்கள் சனத்திடம் உண்டு.

காரில் பாட்டைக் கேட்ட அன்று பின்னேரம் நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அவள் திருக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது. கையெல்லாம் மீன் என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள். அந்த அறிவிப்பாளன்தான்.

"அக்கா, அந்தக் குரல் நீங்கள்தானாம். சனம் உருகுது. ஞாயிற்றுக்கிழமை அஞ்சலிக் கூட்டம். வெள்ளைச் சாறி கட்டி வந்து அந்த ஒப்பாரியை ஒருக்காப் பாடவேணும்."

"அது ஒப்பாரி இல்லைத் தம்பி."

"இந்த நேரத்தில பேரே முக்கியம், அக்கா?"

"முக்கியமில்லைத்தான். என்ர பேரையும் சொல்லாமல்தானே போட்டனீர்."

அவன் குரலில் இருந்த தழுதழுப்பு எங்கோ போய்விட்டது. "வராட்டிச் சனம் வேற மாதிரிக் கதைக்கும். பிறகு எங்களைக் குறை சொல்லப்படாது."

"சனம் எப்ப நல்ல மாதிரிக் கதைச்சது?"

அவன் வைத்த பிறகு நான் சொன்னேன், "விடக்கா. அழுகிற சனம் எதைப் பிடிச்சு அழுதால் உனக்கென்ன?"

கத்தியைக் கீழே வைக்காமலே திரும்பினாள். "எனக்கெண்டு இருக்கிறது அந்த ஒரு பாட்டு. நான் சிரிச்சதை அழுகையெண்டு சொல்லிப்போட்டுப் போறாங்கள். நீயும் சேர்ந்து தலையாட்டு."

அவளுக்குத் துக்கமில்லை என்று யாரும் நினைத்தால் அது பொய். எங்கள் சின்னம்மா குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. அக்கா அதற்குப் பாடவில்லை. சமைத்தாள், கொட்டினாள், மறுபடி சமைத்தாள். பாட்டைத் துக்கத்துக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. எனக்கு அது அப்போது திமிராகத்தான் பட்டது.

மறுநாள் வானொலியின் நேயர் நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் அழைத்தாள். என்னைப் பேசவிடாமல் விரலைக் காட்டிக்கொண்டு, முறை வரும்வரை காத்திருந்தாள்.

"வணக்கம், சொல்லுங்கோ நேயர்."

"நீங்கள் ஒப்பாரியெண்டு போடுற பாட்டைப் பாடினது நான். நான் மனிசனை விட்டிட்டு வந்த சந்தோசத்தில பாடினது அது. நடுவில சிரிக்கிறன், கேட்டுப்பாருங்கோ. இனிப் போடாதேங்கோ."

தொடர்பு அறுந்தது. வயலின் வந்தது. பிறகு வரிசையாக நேயர்கள் வந்தார்கள்.

"ஊர் எரியேக்க உவள் புருசனை விட்ட கதை கதைக்கிறாள்."

"உது துரோகம். வேற பேரில்லை."

"அந்த நாயை லைனில விட்டது ஆர்?"

அவளுடைய இலக்கத்தை யாரோ பரப்பிவிட்டிருந்தார்கள். தொலைபேசி ஓயவில்லை. எடுத்தது நான். என் வயதுக்கு நான் கேட்டிராத தூஷணங்களைத் தமிழ் இன்னும் வைத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். வானொலி அந்தப் பாட்டைக் கைவிட்டது. அஞ்சலிக் கூட்டத்தில் ஒரு சிறுமி தேவாரம் பாடினாளாம். கடைக்கார அண்ணை மீனைச் சுற்றிக் கொடுத்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை ஒரு அழைப்பை அக்காவே ஸ்பீக்கரில் எடுத்தாள். வயதான பெண்குரல், மூச்சு இழுத்தது.

"பிள்ளை, என்ர மோன் போன செய்தி வந்தும் எனக்குக் கண்ணீர் வரேல்லை. கல்லு மாதிரி இருந்தனான். உன்ர பாட்டிலதான் வந்தது. இப்ப அவங்கள் போடுறாங்களில்லை. உன்ர வாயாலதான். நீ நல்லா இருக்கமாட்டாய்."

"அன்ரி, அது சந்தோசத்தில பாடினது."

"தெரியும்."

"தெரிஞ்சே அழுதனீங்கள்?"

"நான் என்ன செவிடே? நீ சிரிக்கிற இடத்திலதானடி எனக்கு உடைஞ்சது."

அக்கா ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினாள்.

"ரேடியோவில போகேக்க கசெற்றில பிடிச்சு வைச்சிருக்கிறன்" என்றது அந்தக் குரல். "நீ வேண்டாமெண்டாலும் கேப்பன். உன்னட்டை ஆர் கேட்டது?"

அந்தப் பெண் சொல்லிக்கொள்ளாமலே வைத்துவிட்டாள். அக்கா தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கிழவி" என்றாள். "உதுக்குத்தான் காது இருக்கு."

அதையும் திட்டுகிற தொனியில்தான் சொன்னாள்.