பட்டுக்காரரின் கோப்பை

நீலப்பூப் போட்ட பீங்கான் கோப்பை ஒன்று என் அலமாரியில் இருக்கிறது. நான் இலங்கையின் வரக்காப்பொலைக்கு மருமகளாக வந்தபோது மாமனாரின் கடையில் அப்படி ஆறு இருந்தன. எல்லாம் ஜப்பான் சாமான். மாமாவுக்கு ஜப்பான் என்றால் உயிர். சொந்த மகனைப் பற்றிப் பேசுவதுபோல் பெருமையடிப்பார். நாடுகள் சண்டையைப் பேசித் தீர்க்க ஜெனீவாவில் ஒரு சங்கம் இருந்த காலம் அது. அங்கே வெள்ளைக்காரர்களுக்குச் சமமாக ஜப்பானும் இருந்தது. கடைக்கு வரும் ரப்பர் தோட்டத்து ஆட்களிடம், "நம்ம பக்கத்து ஆளும் அங்க உக்காந்திருக்கான். இனிப் பெரியவன் சின்னவன அடிக்க ஏலாது" என்பார்.

எங்கள் கடையில் வழிப்போக்கருக்குக் கிளாஸ், விருந்தாளிக்குக் கோப்பை. மாதம் ஒருமுறை சீனத்துப் பட்டுக்காரர் வருவார். துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைந்துவிட்டு எங்களிடம்தான் இளைப்பாறுவார். திரைக்குப் பின்னால் நின்று அவருக்கும் கோப்பையில்தான் தேநீர் ஊற்றி அனுப்புவேன். கித்துள் மரத்துக் கருப்பட்டியைக் கடித்தபடி இரண்டு பேரும் பேசத் தொடங்கினால் கடையில் வியாபாரம் நடக்காது.

பிறகு அந்தச் செய்தி வந்தது. ஜப்பான் படை சீனத்தின் வடக்கைப் பிடித்துவிட்டதாம். சங்கம் கண்டித்ததும் ஜப்பான் எழுந்து வெளியே போய்விட்டதாம். பட்டுக்காரரின் தம்பி பிழைக்கப் போயிருந்தது அந்த வடக்குக்குத்தான். மாமா சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தார். கோப்பைகளை வைக்கோலில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். "அந்த மனுசன்ட கண்ணுல இது படக்கூடாது மகள்" என்றார்.

அடுத்த முறை அவர் வந்தபோது கிளாஸில் ஊற்றி அனுப்பினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கருப்பட்டியைத் தட்டில் வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கினார். மனம் நோகக்கூடாதென்று நினைத்து, அவரை வழிப்போக்கராக்கிவிட்டோம்.

"மொதலாளி, என்ட கோப்பை எங்க?"

மாமா தலைகுனிந்தபடி, அது ஜப்பான் கோப்பை என்றார்.

"தெரியும். மொத நாளே அடியில எழுதியிருந்தத பாத்தேன். நீங்க தந்தீங்க, குடிச்சேன்."

மாமா உள்ளே ஓடிவந்து வைக்கோலைக் கிளறி ஒன்றை எடுத்தார். தானே கழுவினார். அவர் அடுப்படிக்குள் வந்து நான் பார்த்தது அன்றுதான். பட்டுக்காரர் குடித்து முடித்துவிட்டு, அந்தச் சங்கம் தன் தம்பியைத் தேடித் தருமா என்று கேட்டார். மாமா இன்னொரு துண்டு கருப்பட்டியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

தம்பியைத் தேடிப் போன பட்டுக்காரர் திரும்பவில்லை. மாமா மௌத்தாகும்வரை அந்தக் கோப்பையை வேறு யாருக்கும் தரவில்லை. மற்ற ஐந்தும் உடைந்துபோயின. இப்போது பேரப்பிள்ளைகள் அலமாரியைத் திறந்து இதில் தேநீர் கேட்கிறார்கள். அது ஒருவருடையது, வந்தால் கேட்பார் என்று சொல்லி, கிளாஸில் ஊற்றிக் கொடுக்கிறேன்.