டிஸ் நின்ற இடத்தில் ரோசா

ஒரு ரோசாச் செடியால் எங்கள் வீட்டில் டி.வி. நின்றுபோனது. அதற்காக அப்பாவோடு நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

செடி அக்காவுடையது. பதுளைக் கடைத்தெருவில் அடம்பிடித்து வாங்கி வந்து தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலோரம் நட்டாள். நட்ட கொஞ்ச நாளிலேயே, மேலே ஏ.எல். பரீட்சைக்குப் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கொழும்பில் கார்மெண்ட் வேலைக்கு ரயில் ஏறிவிட்டாள். மகள் டீச்சராவாள் என்று தெமோதரை முழுக்கச் சொல்லி வைத்திருந்த அப்பா, அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினார். அவள் போன் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள்.

"ஏன்டி, என் ரோசா பூத்துச்சா?" என்பாள்.

"இல்லக்கா" என்று வாசல் வரை கேட்கும்படி கத்துவேன். தீபாவளிக்கு வருவியா என்று அம்மா கேட்டால், "பாப்போம்" என்பாள். அன்றைக்கு அம்மாவுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் அப்பா காட்டுத் தழைகளை ஒடித்து வந்து செடியைச் சுற்றிக் குத்தி வைத்தார். தேயிலை மலையில் இளங்கன்றுகளுக்கு அப்படித்தான் நிழல் கட்டுவார்கள். "தேயிலைக்கே நெழல் வேணும், இது எம்மாத்திரம்" என்றார். செடி வெளுத்துப்போய் நெட்டையாக வளர்ந்தது. மொட்டு மட்டும் வைக்கவில்லை.

பிறகு தழைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் குந்தியபடி வெயில் எங்கே விழுகிறது, சவுக்கு மரத்து நிழல் எங்கே நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். "இவருக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள் அம்மா. நாள் முழுக்க வெயில் விழுந்தது ஒரே இடத்தில்தான். அங்கே எங்கள் டி.வி. டிஸ் ஆன்டெனா நின்றது.

ஒரு மாலை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது டிஸ் சவுக்கு மரத்தடிக்குப் போயிருந்தது. அதன் இடத்தில் ரோசா நின்றது. டிஸ்ஸைக் கூரையில் கட்டலாமென்றால் தகரம் துருப்பிடித்து உக்கிப்போயிருந்தது. மரம் மறைத்ததில் டி.வி.யில் படமே வரவில்லை. கிரிக்கெட் என்றால் சோற்றை மறக்கிற அப்பா, வெறும் திரையைப் பார்த்துவிட்டு, "மொதல்ல அது பூக்கட்டும்" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று அக்காவின் அழைப்பு வந்ததும் அம்மாவிடமிருந்து போனைப் பறித்தேன்.

"அக்கா, டிஸ்ஸ கழட்டிட்டு ஒன் ரோசாவ அங்க நட்டு வச்சிருக்கு. இனிமே படமே பாக்க ஏலாது."

"யாருடி நட்டது?"

"அப்பாதான். நீயே வந்து கேளு."

அந்தப் பக்கம் அக்கா விசும்புவது கேட்டது. டி.வி.க்காக என்னைவிட அதிகமாக அழ ஒருத்தி இருக்கிறாளே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

"தீபாவளிக்கு வாறேன்னு அவர்கிட்ட சொல்லு" என்றாள்.

வெளியே நின்றவரிடம் வீறாப்பாகப் போய்ச் சொன்னேன்: "அக்கா தீபாவளிக்கு வருது. ஒங்களுக்கு இருக்கு."

அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு துண்டால் துடைத்தார். நன்றாகப் பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.